குற்றாலிங்கம் பார்க்கும்போது திறக்காத மூடிகள்

நெடுங்கரை நூற்பாலையில் ஆட்கள் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் பார்க்கிற டைம் ஆபீசில் வேலை செய்த குற்றாலிங்கம், தினம் ஒரு படம் என்று தனக்குத்தானே ஒரு விரதம் ஏற்றுக்கொண்டு, விடிந்தால் ஆவி பறக்கும் இட்லியையும், பொழுது அடைந்தால் பஜ்ஜிக் கடையின் எண்ணெய்ச் சட்டியையும், இடையில் பருத்தி மூட்டை மேல் தூங்கும் பூனையையும், குடையை மறந்து போன ஆளையும், ஆள் மறந்து போன குடையையும் செல்போனில் பிடித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதி, ஊரே பார்க்கும்படி இணையத்தில் போட்டுவந்தார். உணவு, பயணம், அன்றாடம் என்று மூன்று பிரிவு வைத்திருந்தார். பயணம் என்பது நெடுங்கரையிலிருந்து தென்காசிக்குப் போகும் பேருந்தும் அங்கிருந்து திரும்பி வரும் பேருந்தும்தான். ஆனால் போகும்போது இடப்பக்கம் இருக்கும் மலை வரும்போது வலப்பக்கம் போய்விடுவதால் அதை இரண்டு பயணமாகக் கொள்ள இடமுண்டு என்பது அவர் கட்சி.

படத்தைவிட வரிக்குத்தான் கூட்டம். கருகிய தோசையைப் போட்டுவிட்டு ‘கிரகணம் நெடுங்கரையில் மட்டும் தெரிந்தது’ என்று எழுதுவார், ஊர் சிரிக்கும். அந்தத் தோசையைச் சுட்ட மனைவி மங்கையர்க்கரசி சிரித்தாரா என்று யாரும் விசாரித்ததில்லை. தட்டை வைத்துவிட்டு அவர் சுவரில் சாய்ந்து நிற்பார். “படம் புடிச்சு முடிஞ்சதும் ஒரு சத்தம் குடுங்க. மறுபடி சுட வைக்கேன்” என்பதுதான் அந்த வீட்டின் காலை வழிபாடு.

நூற்பாலையில் மதியச் சங்கு ஊதியதும் அலுவலகத்தார் எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறப்பார்கள். அங்கே எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் மூடியை இன்னொருவர் திறப்பதில்லை. அவரவர் தன் மூடியைத் தானே திறந்து, தானே ஒரு வாய் எடுத்து, பிறகு பக்கத்திலிருப்பவர் முன் நீட்ட வேண்டும். நீட்டினால் எடுக்கலாம், நீட்டாவிட்டால் அந்தப் பக்கம் பார்க்கக்கூடக் கூடாது. மனித குலம் சட்டி கண்டுபிடித்ததைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். மூடி கண்டுபிடித்ததைப் பற்றி எழுத ஒருவரும் துணியவில்லை. சட்டி பசிக்காக வந்தது. மூடி மானத்துக்காக வந்தது.

ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஆவுடையம்மாள் ஓய்வுபெற இருந்தவர். கணவர் இல்லை, மகனும் மருமகளும் அவரும் ஒரே வீடு. தினமும் டிபன் பாக்சை மேசையில் வைக்கும்போதே, “மருமவ குடுத்துவிட்டா. வேண்டாம்னாலும் கேக்க மாட்டா” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். மூடியை முழுக்க எடுக்காமல், பாதி சாய்த்துப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார். அவர் யாருக்கும் நீட்டியதில்லை. அதைக் கருமித்தனம் என்று சிலர் நினைத்தார்கள்.

ஒருநாள் அவர் கைகழுவப் போன நேரத்தில், அன்றைக்குப் படம் ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் இருந்த குற்றாலிங்கம், ஒற்றை விரலால் அந்த மூடியைத் தூக்கினார். உள்ளே சாம்பார் சாதம். தோல் சீவாத முள்ளங்கி வில்லைகள், நிலக்கடலை, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பொட்டல இலைத் துண்டு. நெடுங்கரையில் சாம்பார் சாதத்தில் நிலக்கடலை போடுகிற இடம் பேருந்து நிலையத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான். அதை அவரே முன்பு படம் பிடித்திருந்தார். ஊருக்கே தெரிந்த சாதம் அது. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. படம் பிடித்து, மூடியைப் பழையபடி சாய்த்து வைத்து, மறுநாள் காலையில், ‘மருமகள் கைமணம் பேருந்து நிலையம் வரை மணக்கிறது’ என்று எழுதிப் போட்டார்.

அதுவரை அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் சிரித்த வரி அதுதான். பெயர் போடவில்லையே என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். நெடுங்கரையில் மருமகள் கொடுத்துவிட்டாள் என்று தினமும் சொல்கிற மாமியார் ஒருவர்தான் உண்டு என்பதால் பெயர் தேவைப்படவில்லை. அன்று மதியம் ஆவுடையம்மாளே யாருடைய செல்போனிலோ அதைப் பார்த்தார். நீளப் பார்த்துவிட்டு, “வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு” என்றார். எல்லாரும் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள்.

அதற்கு மறுநாள், சங்கு ஊதியபின், நீள மேசையில் ஒரு மூடியும் திறக்கவில்லை.

நகத்தால் நெம்பினார்கள், மேசை விளிம்பில் தட்டினார்கள், ஜெபராணி என்கிற தட்டச்சுப் பெண் துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். சுடுசோற்றின் ஆவி குளிர்ந்தால் மூடியை உள்ளே இழுத்துப் பிடிக்கும் என்று குற்றாலிங்கமே விளக்கினார். அது சரியான விளக்கம்தான், ஆனால் மாங்காய் ஊறுகாய்க்கும் முறுக்கு டப்பாவுக்கும் பொருந்தாது. இதற்கு எண்ணெய் கேட்டு வரலாம் என்று அவர் எழுந்து வெளியே போனதும், அறை முழுக்க டப் டப்பென்று மூடிகள் தாமாகவே தளர்ந்தன. அவர் எண்ணெயோடு திரும்பி வந்தபோது இன்னும் திறக்காமல் வைத்திருந்த மோர்ப் பாட்டில்கள் மறுபடி இறுகிக்கொண்டன. கணக்குப் பிரிவு பீர் முகமது அவரையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணாச்சி, சும்மா ஒருக்க வெளிய போயிட்டு வாரும்” என்றார். போனார், திறந்தது. வந்தார், இறுகியது. “ஓ, அப்பிடியா சங்கதி” என்று சொல்லிவிட்டு பீர் முகமது மோரைக் குடிக்கத் தொடங்கினார்.

இப்படித்தான் அது ஊருக்குத் தெரியவந்தது. குற்றாலிங்கத்தின் பார்வை படுகிற இடத்தில், சோற்றின் மேலோ குழம்பின் மேலோ தின்பண்டத்தின் மேலோ மூடியிருக்கிற எதுவும் திறக்காது. இட்லிக் கொப்பரை திறக்காது, நெய்ப் புட்டி திறக்காது, பொட்டலத்தின் நூல்கூட அவிழாது. முன்பே திறந்து வைத்திருப்பதை அவர் தாராளமாகத் தின்னலாம். திறக்கிற கணம் மட்டும் அவருக்கு இல்லை. மங்கையர்க்கரசி அழவும் இல்லை, சாமியாடியிடம் கூட்டிப் போகவும் இல்லை. “செத்த தெருவுல நில்லுங்க, கொப்பரையத் தொறக்கணும்” என்றார். அவர் நின்றார். வெளியிலிருந்து கேட்கும்போது, இத்தனை வருஷமும் இட்லி இவ்வளவு சீக்கிரம் பரிமாறப்படும் என்று தனக்குத் தெரியாமலேயே போயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது, மழை தப்பினால் ஏற்றுக்கொள்வதைப்போல, மின்சாரம் போனால் ஏற்றுக்கொள்வதைப்போல, கொஞ்சம் முணுமுணுத்து, பிறகு அதற்கு ஏற்றபடி திண்டையும் பாயையும் நகர்த்திப் போட்டு. நூற்பாலையில் மதியச் சங்குக்குப் பிறகு ஒரு விசில் சேர்ந்தது. அது ஊதினால் குற்றாலிங்கம் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும், இரண்டாவது விசிலுக்குத் திரும்ப வேண்டும். கல்யாண மண்டபத்தில் அவரைச் சமையல்கட்டுக்கு எதிர்த்திசையில், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையில் ஒருவரைப் பேச்சுத்துணைக்கு விட்டு, வாசல் பார்த்து உட்கார வைத்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் மனைவிமார் அவரை மாலை நேரத்தில் காப்பிக்கு அழைத்து, அதிரச டப்பா தெரியும்படி நாற்காலி போட்டார்கள். “நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருங்க அண்ணாச்சி, அவுக தூங்குற வரைக்கும் இருந்தாப் போதும்.” தீபாவளிக்கு இனிப்புக் கடைக்காரர் ஒருவர், எடுபிடிகள் லட்டைத் தின்றுவிடாமல் இருக்க, அவரைக் கிடங்கில் உட்கார வைத்தார். நோன்பு மாதத்தில் பீர் முகமது, “பகல்ல நீரு கூட இருந்தா மனசு அலையாதுவே” என்று விடுமுறை நாளில் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பொழுது சாயும்போது, “சரி, இனி நீரு கெளம்பலாம்” என்று பேரீச்சம்பழ டப்பாவைப் பார்த்தபடி சொல்லுவார். பக்கத்து வீட்டார் பாங்கு கேட்கிறதற்கு முன்பே குற்றாலிங்கத்தின் செருப்புச் சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

அவர் தினம் ஒரு படத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும்; நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தார். திறக்கிற கணம் கிடைக்காததால் மூடிகளையே எடுத்தார். நெளிந்த மூடி, பெயர் வெட்டிய மூடி, பாட்டிலுக்குப் பொருந்தாத பாட்டில் மூடி. கீழே எழுத வரி ஒன்றும் வரவில்லை, வெறுமையாக விட்டார். அதை மக்கள் ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்களெல்லாம் பாராட்டி எழுதினார்கள். ஒவ்வொரு பாராட்டையும் படிக்கும்போது அவருக்குக் காது மடல் சுட்டது.

ஏனென்றால், இது எப்படி நடக்கிறது என்பதை ஊர் துல்லியமாக அறிந்துகொண்டதே தவிர, ஏன் தொடங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிசயத்துக்குக் காரணம் கேட்பது நெடுங்கரையில் மரியாதையாகாது. எப்போதிருந்து என்று மட்டும் கேட்டவர்களிடம் அவர், “திடீர்னு ஒரு நாள்” என்றார். அந்த நாள் எதற்கு மறுநாள் என்பது அவருக்குத் தெரியும். மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த இன்னொருவருக்கும் தெரியும்.

ஒருநாள் வேப்பமரத்தடிக்கே வந்து ஜெபராணி சொன்னாள். “அண்ணாச்சி, ஒரு விசயம். நீங்க இந்தப் பக்கம் வந்ததும் எங்க மூடியெல்லாம் தொறந்துருது. ஆவுடை யக்கா மட்டும் அவுக மூடில கையே வைக்கிறதில்ல. கேட்டா பசிக்கலங்காவ. அப்பிடியே வீட்டுக்குக் கொண்டுபோறாவ. அன்னைக்கிலேர்ந்து இப்பிடித்தான்.”

“என்னைக்கிலேர்ந்து?” என்று கேட்டார், தெரியாதவர்போல.

ஜெபராணி அவரைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை அவர் ஸ்டோர்ஸுக்குப் போனார். ஆவுடையம்மாள் நூல் சுற்றும் பாபின் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். கழுத்தெலும்பு முன்னைவிடத் துருத்தித் தெரிந்தது; ரவிக்கையின் தோள் தளர்ந்து இறங்கியிருந்தது. டைம் ஆபீசில் தினமும் அவர் வருகையைப் பதிந்த கண்ணுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று குற்றாலிங்கம் தன்னையே கேட்டுக்கொண்டார்.

“யக்கா, அந்தப் படத்த அழிச்சிட்டேன்.”

“எந்தப் படம்?”

“அதான்.”

“நீரு தெனமும் ஒண்ணு போடுதீரு தம்பி. நான் எதயின்னு ஞாபகம் வச்சுக்கிடுவேன்?”

“அந்த வரிய நான் எழுதியிருக்கக் கூடாது.”

“எந்த வரி? சொல்லும், கேப்போம்.”

கேலியாகக் கேட்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே கேட்கத் தயாராக நின்றார். குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். ஊரே சிரித்த வரி. அவர் மனத்தில் அச்சடித்ததுபோல இருந்த வரி. அதன் முதல் சொல்லைக்கூட அந்த முகத்துக்கு முன்னால் அவரால் எடுக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால் அந்த மூடியை இன்னொருமுறை தூக்க வேண்டும். தூக்காமல் கேட்க வழியில்லை.

“ஒண்ணுமில்லக்கா” என்றார்.

“அப்பம் சரி” என்று ஆவுடையம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. நூற்பாலையில் ஓய்வுபெறுகிறவர் கடைசி நாளில் விடைச்சோறு கொண்டுவருவது வழக்கம். அது வீட்டில் ஆக்கிய சோறாக இருக்க வேண்டும்; வீட்டாரில் ஒருவர் கூட வர, ஓய்வுபெறுகிறவர் கையாலேயே முதல் மூடி திறக்க வேண்டும். எல்லாரும் அதில் ஒரு பிடி எடுத்த பிறகுதான் மற்ற மூடிகள் திறக்கும். முப்பது வருஷம் உழைத்தவரை, அவர் வீடு எப்படி வைத்திருக்கிறது என்பதை எல்லாரும் கண்ணாரக் கண்டு அனுப்புகிற சடங்கு அது. நல்ல எண்ணத்தில் ஏற்பட்டதுதான். நல்ல எண்ணத்தில் ஏற்பட்ட சடங்குகளுக்கே பல் கூர்மை அதிகம்.

“மருமவளையும் கூட்டியாந்துருங்க யக்கா” என்றார் பீர் முகமது, வழக்கப்படி. சொல்லி முடித்த பிறகு அவருக்கே என்னவோபோல் ஆகி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மேசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வராம என்ன” என்றார் ஆவுடையம்மாள்.

கடைசி நாளில் அவர் தனியாக வந்தார். புதுச் சேலை, தலையில் பிச்சிப்பூ, கையில் ஒரு பெரிய தூக்குச்சட்டி. “அவளுக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. அப்பிடியும் விடியக்காலைல ஆக்கிக் குடுத்துவிட்டா” என்று, யாரும் கேட்பதற்கு முன்பே, வாசலிலேயே சொல்லிவிட்டார். தூக்குச்சட்டியை மேசை நடுவில் வைத்தார்கள். மாலை போட்டார்கள். மேலாளர் நாலு வார்த்தை பேசினார். விசில் ஊதிற்று. குற்றாலிங்கம் எழுந்தார்.

கதவுவரை போனவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மேசையைச் சுற்றி நின்ற எல்லாருடைய கையும் உயர்ந்திருந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். விடைச்சோற்றின் மூடி திறக்கிற கணத்தை ஒருவரும் தவறவிடுவதாக இல்லை. மேலாளர்கூட ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன்னுடையதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. தூக்குச்சட்டியின் மேல் ஆவுடையம்மாள் வைத்திருந்த கை மூடியை அழுத்திப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

குற்றாலிங்கம் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, விசில் கேக்கலையா?” என்றார் பீர் முகமது.

“கேட்டுது.”

“அப்பம் வெளிய போவும்.”

“போவல.”

சிரித்தார்கள். விளையாடுகிறார் என்று நினைத்தார்கள். ஆவுடையம்மாள் மூடியைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. இன்னொருமுறை இழுத்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னவே, எல்லாரும் பசியோட நிக்கோம்” என்றார் சம்பளப் பிரிவுக்காரர்.

“நில்லுங்க.”

“அந்த அம்மாவுக்குக் கடேசி நாளுவே. உமக்கு மனசாட்சி கிடையாதா?”

“கிடையாது.”

அதற்குப் பிறகு நடந்ததை நெடுங்கரை நெடுநாள் பேசிற்று. கண்ணைக் கட்டலாம் என்று ஒருவர் துண்டை எடுத்துவந்தார். குற்றாலிங்கம் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கப் பார்த்தார்கள்; நாற்காலியை விட்டு நழுவி, மேசைக் காலைக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, முகத்தை மட்டும் மேலே தூக்கி, தூக்குச்சட்டியிலிருந்து பார்வையை எடுக்காமல் இருந்தார். வீம்புக்காரன் என்றார்கள். நாலு பேர் பாராட்டினதும் தலைக்கேறிவிட்டது என்றார்கள். ஒரு பொம்பளையின் நல்ல நாளைக் கெடுக்கிறவன் உருப்படமாட்டான் என்றார்கள். இவரையா வீட்டுக்கெல்லாம் அழைத்தோம் என்று பீர் முகமதே சொன்னார். அது மட்டும் சுருக்கென்று தைத்தது. எத்தனையோ பேரை எத்தனையோ கோணத்தில் பிடித்த குற்றாலிங்கத்தை அன்று எல்லாக் கோணத்திலும் பிடித்தார்கள்: வேட்டி விலகி, கண்ணாடி கோணி, மேசைக் காலை அணைத்துக்கொண்டு. அந்தப் படங்களின் கீழே எழுதப்பட்ட வரிகள் அவருடையவை அளவுக்கு நன்றாக இல்லை. ஆனால் தூக்குச்சட்டியை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. அதை எல்லாரும் மறந்தே போனார்கள்.

கடைசியில் பசி வென்றது. கேன்டீனில் அண்டாக்கள் முன்பே திறந்திருக்கும் என்று ஒருவர் சொல்ல, திட்டிக்கொண்டே எல்லாரும் கலைந்தார்கள். ஜெபராணி மட்டும் கதவருகில் ஒரு கணம் நின்று, கீழே கிடந்தவரைப் பார்த்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அறையில் இரண்டு பேரும் பூட்டியதுபோல் இறுகிய மூடிகளும் மிஞ்சினார்கள். ஆவுடையம்மாள் மாலையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

“முட்டியில அடிபட்டுட்டா?”

“இல்லக்கா.”

“எந்திரியும், தரை சில்லுன்னு இருக்கு.”

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஆவுடையம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூக்குச்சட்டியைப் பார்க்கவும் இப்போது பிடிக்கவில்லை. வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

“வெளிய போவும் தம்பி” என்றார் ஆவுடையம்மாள். “எனக்குப் பசிக்கு.”

அவர் போய் ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி, அறைக்கு முதுகு காட்டி நின்றார். எதிரே பருத்தி மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேல் மூட்டையில் பூனை வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கிற்று, நல்ல படம். செல்போன் சட்டைப்பையில்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு மூடி மேசையில் மல்லாத்தி வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பசித்தவர்கள் சத்தமில்லாமல்தான் சாப்பிடுவார்கள்.

“இருக்கீரா?”

“இருக்கேன்.”

“திரும்பாதேயும்.”

“திரும்பல.”

“கைய மட்டும் பின்னால நீட்டும்.”

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் அவர் வலக்கையைப் பின்பக்கமாக நுழைத்து, உள்ளங்கையை விரித்தார். தோள் வலித்தது. ஒருவர் வாழ்நாள் முழுக்க யாருக்கும் நீட்டாதது, ஓர் உருண்டையாக, கொஞ்சம் ஈரமாக, கொஞ்சம் சூடாக, அந்தக் கையில் வந்து உட்கார்ந்தது. விரல்களை மடக்கினார். கண்ணை மூடிக்கொண்டு கையை வாய்க்குக் கொண்டுபோனார், கண்ணில் எதுவும் பட்டுவிடக்கூடாதென்று.

“எப்பிடி இருக்கு?” என்றது குரல்.

“நல்லா இருக்குக்கா.”

அது யார் ஆக்கிய சோறு என்று நாக்கு அவருக்குச் சொல்லிவிட்டது. அவர் அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.